தம்பி ஊட்டியிலேயே மாத்திரை வாங்கலாமா, கோவைக்குத்தான் போக வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு அக்கா. தம்பிக்கு முப்பது வயது நெருங்குகிறது, மலையிலிருந்து கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு வண்டி ஓட்டுகிறான். குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே எதற்கென்று சொல்லாமல் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று அவனிடம் சொல்வதற்கு முன்னாலேயே அப்பாவிடம், அதுவும் வராந்தாவில் நாலு பேர் நிற்கும்போது சொல்லி, ஆபரேஷன் இங்கே முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். கல்யாணப் பேச்சு பாதியில் நிற்கிறது. ஊட்டிக்கு மாத்திரைக்குப் போக மாட்டேன், தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள், கோவையில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறான் தம்பி. அரசு கொடுக்கிற மருந்து நல்லதா, பெயர் வெளியே வருமா, சட்டம் என்ன சொல்கிறது, கல்யாணம் பண்ணலாமா, அம்மாவிடம் என்ன சொல்வது? இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் எழுதியிருந்த ஊர்ப்பெயரை நான் இங்கே விட்டுவிட்டேன், ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். மலையில் ஊரும் வயதும் தொழிலும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். நீலகிரியில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் கொடுக்கிற நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகப் பல வருடம் உட்கார்ந்திருந்தவள் என்பதால் இது எனக்குப் பழக்கமாகிப் போன ஒன்று.

ஊட்டியா கோவையா என்றால் என் பதில் ஊட்டி. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயம்.

தனியார் லேபில் ஒரு கிட்டில் பார்த்த முடிவை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் என்று பலகை போட்ட அறை இருக்கும். அங்கே வேறு வேறு முறையில் வேலை செய்கிற மூன்று கிட்டுகளில் பார்த்து, மூன்றிலும் பாசிட்டிவ் வந்தால்தான் பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுப்பார்கள். பணம் கிடையாது. பரிசோதனைக்கு முன்னால் ஒருமுறை உட்காரவைத்துப் பேசுவார்கள், முடிவு வந்த பிறகு இன்னொருமுறை பேசுவார்கள், இரண்டும் கதவைச் சாத்திக்கொண்டு. வராந்தாவில் உங்கள் தம்பிக்கு நடந்ததற்கு நேர் எதிரானது இது. அந்த முதல் பேச்சு அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை, அதனால்தான் இந்த அளவுக்கு மிரண்டுபோயிருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உறுதியானால் அடுத்தது ஏ.ஆர்.டி. மையம். ஏ.ஆர்.டி. என்பது எச்.ஐ.வி. வைரஸை அடக்கி வைக்கிற மருந்து, கூட்டு மருந்து என்று சொல்வோம். தாமதம் செய்யக் காரணமே இல்லை, உடம்பில் வேறு பிரச்சினை இல்லையென்றால் அன்றைக்கே தொடங்கலாம், அதிகம் போனால் ஒரு வாரம். முன்பெல்லாம் இப்படி இல்லை. சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. முதலில் 200 என்றார்கள், பிறகு 350, பிறகு 500. அதற்கு மேல் இருந்தால் “இப்போது வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்று அனுப்ப வேண்டியிருந்தது. நானே என் வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை, வந்த சிலர் காசநோயோடு வந்தார்கள். 2017 ஏப்ரல் 28-ல்தான் மத்திய அரசு அந்த வரம்பை எடுத்துவிட்டு, பாசிட்டிவ் என்று தெரிந்த எல்லாருக்கும் உடனே மருந்து என்று அறிவித்தது. இந்த விஷயத்தில் நம் அரசுகள் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று என்று இதை நான் மனதாரச் சொல்வேன்.

அரசு மருந்து நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று. உலக சுகாதார நிறுவனம் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கிறதும் இதைத்தான். வெளியே காசு கொடுத்துப் போனாலும் பெரும்பாலும் இதையேதான் எழுதித் தருவார்கள், அதனால் நிலத்தை அடகு வைத்துத் தனியாரிடம் போகத் தேவையில்லை. இது இலவசமாகக் கையில் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் கூட்டு மருந்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2001-ல் நம் நாட்டு சிப்லா கம்பெனி அதையே வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று சொன்னதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரல் 1-ல் இந்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் ஒன்று நம் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. மலையிலிருந்தும் அவ்வளவு தூரம் போய் வந்தவர்கள் உண்டு.

அந்தக் கால மருந்துகளில் ஸ்டாவுடின் என்று ஒன்று இருந்தது, சில வருடம் சாப்பிட்டால் கன்னம் ஒட்டி, கை கால் வற்றிப் போகும். உயிர் தப்பியவர்களின் முகத்தைப் பார்த்தே ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் அம்மா மனதில் இருக்கிற படமும் அதுவாகத்தான் இருக்கும். இப்போதைய மாத்திரையில் அது கிடையாது. ஆரம்பத்தில் சிலருக்குத் தலைவலி, தூக்கம் சரியில்லாமல் போவது, கொஞ்சம் எடை கூடுவது, பெரும்பாலும் அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: சத்து மாத்திரை, இரும்பு மாத்திரை, கால்சியம், அசிடிட்டிக்குக் குடிக்கிற மருந்து இவற்றை இதோடு சேர்த்துப் போடக் கூடாது, மருந்து உடம்பில் ஏறாது. இதைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து அவற்றைப் போடலாம். நடுராத்திரி லோடு ஓட்டுகிற டிரைவர்கள் ஜெலுசில் பாட்டிலை வண்டியிலேயே வைத்திருப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

சரி, ஊட்டிக்கு வருவோம்.

கோவைக்குப் போகிறேன் என்று சொல்கிற முதல் ஆள் உங்கள் தம்பி இல்லை. ஊட்டிக்காரர் கோவைக்குப் போவார், கோத்தகிரிக்காரர் மேட்டுப்பாளையம் இறங்குவார், பந்தலூர்க்காரர் கேரளா பக்கம் போவார், அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் ஊட்டிக்கு வருவார். கொடைக்கானல் மலையில் வேலை பார்த்த ஒரு தோழியும் இதையேதான் சொல்வாள், பண்ணைக்காட்டிலும் பெருமாள்மலையிலும் இருக்கிறவர்கள் பக்கத்தில் இருக்கிற கொடைக்கானலை விட்டுவிட்டு வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று கீழே இறங்குவார்கள் என்று. நகரத்தில் கூட்டத்துக்குள் மறைந்துகொள்ளலாம். மலையில் ஆஸ்பத்திரி வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் சித்தப்பா மகனாக இருப்பார், மருந்து எடுத்துக் கொடுப்பவர் பக்கத்து ஹட்டிக்காரராக, அதாவது பக்கத்துக் கிராமத்துக்காரராக இருப்பார், பஸ் கண்டக்டருக்கு உங்கள் அப்பாவைத் தெரியும்.

ஒரு பெண் என்னிடம் வந்துகொண்டிருந்தார். தேயிலை ஃபேக்டரியில் வேலை. மாத்திரை வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் வரும், முப்பது மாத்திரை, நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் போடும். அவர் பைக்குள்ளிருந்து ஒரு பஞ்சுச் சுருளை எடுத்து, டப்பாவைத் திறந்து, மாத்திரைகளுக்கு மேல் அழுத்தி வைத்து, மூடி, காதுப் பக்கம் கொண்டுபோய் ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வரவில்லையென்றால் புடவை மடிப்புக்குள் போகும். சத்தம் வந்தால் இன்னும் கொஞ்சம் பஞ்சு. பச்சை நிறச் சிகிச்சைப் புத்தகத்தை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருப்பார். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அந்தப் பஞ்சு வேலையை முடிக்காமல் அறைக் கதவைத் திறக்க மாட்டார். எட்டு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தார். மருந்து அவருக்குத் தவறவில்லை, அரசு தன் கடமையைச் செய்தது. ஆனால் அந்தப் பஞ்சை அவர் வைக்க வேண்டியிருந்ததே, அதற்கு எந்தத் திட்டத்திலும் ஒரு வரி கிடையாது.

உங்கள் தம்பியின் பயம் பொய் இல்லை, ஆனால் கோவை என்ற முடிவு அவனுக்கு வேறொரு ஆபத்தைக் கொண்டுவரும். இந்த மருந்தை வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும். ஒரு நாள் விடலாம், இரண்டு நாள் விடலாம் என்று போகும்போது வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அடுத்த கட்ட மருந்துக்குப் போக வேண்டும். கோவை போய்வர ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், சாப்பாடு போகும். முதல் ஆறு மாதம் ரோஷத்தில் போவான், பிறகு லோடு இருக்கிறது, சீசன் இருக்கிறது என்று தள்ளுவான். நான் இதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அப்புறம் மழை. ஐப்பசி கார்த்திகையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே எத்தனை தடவை ரோடு அடைபட்டிருக்கிறது என்று டிரைவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009 நவம்பரில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போன அந்த நாட்களில் மலையே துண்டாகிக் கிடந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. 2020 ஊரடங்கில் மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. அந்த வாரங்களில் எங்களுக்கு வந்த அழைப்புகளில் பாதி, கீழே பதிவு செய்துகொண்ட மலைக்காரர்களிடமிருந்து, கையில் நாலு மாத்திரைதான் இருக்கிறது, என்ன செய்வது என்று. இங்கே பதிவு இருந்தவர்களுக்குக் களப்பணியாளர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அதனால் ஊட்டியில் பதிவு செய்யுங்கள், ஆனால் போகிற விதத்தை நாம் தேர்ந்தெடுப்போம். முதல் நாள் மட்டும் நீங்கள் கூடப் போங்கள். ஆலோசகரிடம் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், எண்ணை வைத்துக் கூப்பிடுங்கள் என்று சொல்லலாம், ஒத்துக்கொள்வார்கள். கூட்டம் ஊசி போடும் பக்கமும் மருந்துச் சீட்டுப் பக்கமும் குவிந்திருக்கிற காலை நேரத்தை விட்டுவிட்டுப் பதினொன்றரைக்கு மேல் போகலாம். உடம்பு நிலையாகி, ரத்தத்தில் வைரஸ் அடங்கிவிட்டால் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள், வாய் திறந்து கேளுங்கள், சிலர் கேட்டால்தான் தருவார்கள். வருடத்துக்கு நாலு தடவைதான் போக வேண்டியிருக்கும். அதற்கப்புறம் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இணைப்பு மையம், அதாவது ஏ.ஆர்.டி. மையத்தோடு சேர்ந்து இதே மாத்திரையைக் கொடுக்கிற இடம், இருக்கிறது என்று கேட்டு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். எல்லாம் பார்த்த பிறகும் கோவைதான் வேண்டும் என்றால் மாற்றிக் கேட்பது அவன் உரிமை, மறுக்க முடியாது. ஆனால் பயத்தில் தொடங்க வேண்டாம்.

இதில் அரசின் பங்கு என்ன என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிற இடமும் இருக்கிறது. தமிழ்நாடு இந்த விஷயத்தில் முன்னால் போன மாநிலம். 1986-ல் நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். 1994-லேயே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்குத் தனிச் சங்கம் வைத்ததும் இங்கேதான், பிறகு மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்துச் செய்தன. ஆனால் திட்டம் தனித் திட்டமாக வந்ததால் தனி அறை, தனிப் பலகை, தனி வரிசை என்றே நின்றுவிட்டது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கிற ஜன்னலில் இதையும் கொடுத்தால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? மலையில் அதுதான் முதல் தேவை. ஆலோசகர்களும் லேப் டெக்னீஷியன்களும் வருடக்கணக்கில் ஒப்பந்த வேலையில்தான் இருக்கிறார்கள், ஒருவர் மேல் நம்பிக்கை வந்து மனம் திறக்கிற நேரத்தில் அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவார், அடுத்தவரிடம் மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். 2024-ல் நீலகிரியில் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதை யாரும் எய்ட்ஸ் திட்டம் என்று சொல்வதில்லை, ஆனால் கணவனிடம் பஸ் காசு கேட்காமல், எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் மாத்திரை வாங்கப் போக முடிகிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பயத்தை வளர்த்ததில் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரங்களும் பங்கு வகித்திருக்கின்றன. மண்டையோடு போட்ட போஸ்டர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2000-களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்று எழுதியிருந்தது உங்கள் அப்பா அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கும். ஆணுறை பற்றி வாய் திறக்காத ஊரில் பேச வைத்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புள்ளிராஜா என்பது ஒரு வசவுச் சொல்லாகவும் ஆகிப்போனது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட்டார்கள். தப்பு செய்தவனுக்குத்தான் இது வரும் என்பது அந்தச் சிரிப்போடு சேர்ந்து மனதில் இறங்கிவிட்டது. தம்பிக்கு எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆலோசகரும் சிகிச்சைக்குத் தேவையான அளவுக்குத்தான் கேட்பார். வீட்டில் யாரும் அவனைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

சட்டம். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீட்டில் நடந்ததில் மூன்று மீறல் இருக்கிறது. விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் பரிசோதனை செய்யக் கூடாது, இது 5-வது பிரிவு. முடிவை அவனுடைய எழுத்துப்பூர்வமான சம்மதமில்லாமல் இன்னொருவரிடம், பெற்ற அப்பாவாகவே இருந்தாலும், சொல்லக் கூடாது, இது 8-வது பிரிவு. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது, இது 3-வது பிரிவு. வேலைக்கும் இதே பிரிவுதான், வேலையில் சேர இந்தப் பரிசோதனையை நிபந்தனையாக வைக்கவும் முடியாது, இதற்காக வேலையை விட்டு அனுப்பவும் முடியாது. லாரி உரிமையாளருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் தம்பிக்கு இல்லை. வீட்டை விட்டுப் போகச் சொல்லவும் யாருக்கும் உரிமை கிடையாது, கூட்டுக் குடியிருப்பில் தங்கும் உரிமை அதே சட்டத்தில் இருக்கிறது.

புகாரை மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் கொடுக்கலாம். 30 நாளில் ஆணை போட வேண்டும், மருத்துவ அவசரமென்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். ஆணையை மதிக்காவிட்டால் பத்தாயிரம் வரை அபராதம், பிறகும் கேட்காவிட்டால் நாளொன்றுக்கு ஐயாயிரம் வரை. வழக்கு என்று போனாலும் பெயரை மறைத்து, மூடிய அறையில் விசாரிக்கக் கேட்கலாம். எப்படி எழுதுவது, யாரிடம் கொடுப்பது என்பதற்கு நம்பிக்கை மையத்திலோ 1097 என்ற இலவச எண்ணிலோ கேளுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் உதவி கேட்கலாம். சட்டத்தில் குறையும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. மருந்தும் பரிசோதனையும் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிற 14-வது பிரிவில் “இயன்ற வரை” என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள். அதை எடுக்கச் சொல்லிப் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் எவ்வளவோ கேட்டும் எடுக்கவில்லை. இன்று மருந்து வருகிறது, ஆனால் உரிமை என்று எழுதியிருந்தால் அதன் பலமே வேறு.

முடிவை உரியவரிடம் ஒழுங்காகச் சொல்வது வெறும் நாகரிகத்துக்காக இல்லை. 2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்தது நினைவிருக்கும். கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞர் அதற்கு இரண்டு வருடம் முன்பும் ரத்தம் கொடுத்திருந்தார், அப்போதே தொற்று தெரிந்திருந்தும் அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தெரிந்ததும் அவரே ஓடிவந்து, என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள் என்று சொன்னார். அதற்குள் ஏற்றியிருந்தார்கள். அவர் விஷம் குடித்து இறந்துபோனார். அந்த அம்மாவுக்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை, மருந்து காப்பாற்றியது. அந்தப் பையனிடம் முதல் தடவையே ஒருவர் உட்கார்ந்து பேசியிருந்தால் இரண்டு குடும்பம் தப்பியிருக்கும். உங்கள் தம்பியையும் இந்த வாரங்களில் தனியாக விடாதீர்கள், ராத்திரி தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று பாருங்கள். சாவைப் பற்றிய பேச்சு ஏதாவது அவன் வாயிலிருந்து வந்தால் அன்றைக்கே ஆலோசகரிடமோ டாக்டரிடமோ கூட்டிப் போங்கள்.

கல்யாணம். பண்ணலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் கூடாது, இதில் நான் கொஞ்சமும் இறங்கி வர மாட்டேன். பெண் வீட்டாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பெண்ணிடம், தம்பியே, நேரில், அவள் வேண்டாம் என்று சொல்வதற்கு நேரம் இருக்கும்போதே சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் இரண்டு பேரும் ஆலோசகர் முன்னால் உட்காரலாம், நான் அப்படி உட்காரவைத்த ஜோடிகளில் கல்யாணம் நின்றதும் உண்டு, நடந்து இன்று பிள்ளை பள்ளிக்கூடம் போவதும் உண்டு. துணைக்குத் தொற்று போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சட்டமும் அவன் மேல் வைக்கிறது. அவன் சொல்லவே மறுத்து, அவளுக்கு ஆபத்து இருக்கிறது என்று பட்டால், அவனுக்கு முதலில் தெரிவித்துவிட்டு டாக்டரோ ஆலோசகரோ அவளிடம் சொல்லச் சட்டத்தில் இடம் உண்டு.

சொல்லும்போது இதையும் சொல்லுங்கள். ஒழுங்காக மருந்து சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நிலைத்திருந்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இது ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சு இல்லை. ஒன்பது நாடுகளில் 1,763 ஜோடிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில் சென்னையும் ஒரு இடம், சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தில். சீக்கிரம் மருந்து தொடங்கினால் துணைக்குப் போவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் முடிவு வந்தது. பிறகு வந்த ஆய்வுகள், வைரஸ் அடங்கியிருக்கும்போது ஒருவருக்கும் போகவில்லை என்று காட்டின. ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற வைரல் லோடு பரிசோதனை உண்டு, அதுவும் இலவசம். வைரஸ் அடங்கிவிட்டது என்ற முடிவு வரும் வரை ஆணுறை கட்டாயம். கல்யாணத் தேதியை அந்த முடிவுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்றுக்கொள்வதற்கும் தடை இல்லை.

அம்மா. தட்டாலும் டம்ளராலும் ஒரே கக்கூஸாலும் இருமலாலும் கொசுக்கடியாலும் எச்.ஐ.வி. வராது, குளிருக்கு ஒரே கம்பளியைப் போர்த்துக்கொண்டு படுத்தாலும் வராது. இதை நீங்கள் நூறு தடவை சொல்லியிருப்பீர்கள், காதில் ஏறாது, ஏனென்றால் அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை, பயமாக இருக்கிறது. என் அனுபவத்தில் விளக்கத்தை விட வேலை செய்வது, அம்மாவுக்கு ஒரு பொறுப்பைக் கொடுப்பதுதான். ராத்திரி எட்டரை மணி மாத்திரையை நினைவுபடுத்துவது உன் வேலை என்று ஒப்படையுங்கள். அவன் லோடில் இருந்தால் போன் பண்ணிக் கேட்கட்டும். மாத்திரை டப்பா அம்மா கையில் வந்து, ஒரு மாதம், இரண்டு மாதம் போய், அவன் எடை ஏறுவதைக் கண்ணால் பார்க்கும்போது தனித் தட்டு தானாக அலமாரிக்குப் போய்விடும். இதை நான் ஒரு வீட்டில் இல்லை, பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதுவரை அந்தத் தட்டில் நீங்களும் ஒருநாள் சாப்பிட்டுக் காட்டுங்கள், சண்டை போடாமல்.

கடைசியாக ஒன்று. எச்.ஐ.வி. என்றதும் எல்லாரும் குடலிறக்கத்தை மறந்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி முதல் வரிக்கு அப்புறம் ஒரு வார்த்தை இல்லை, ஆனால் அவன் இன்னும் கேரட் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், எச்.ஐ.வி. அதற்குத் தடை இல்லை. எந்த நோயாளிக்கும் போடுகிற அதே கையுறை, அதே சுத்தம் போதும். மருந்து தொடங்கி டாக்டர் சொல்கிற நேரத்தில் அரசு மருத்துவமனையில் தேதி கேளுங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். அதுவரை ஸ்டியரிங் பிடிக்கட்டும், மூட்டை தூக்க வேறு ஆள் வைக்கச் சொல்லுங்கள். வீக்கம் உள்ளே போகாமல் கல் மாதிரி நின்று, வலியும் வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த ராத்திரியே 108-ஐக் கூப்பிடுங்கள்.